குப்புறப் பறந்த கதை

ரோலர் கோஸ்டரில் எத்தனையோ வகை. உட்கார்ந்து போவது எல்லாருக்கும் தெரியும். நின்றுகொண்டே போவது ஒன்று உண்டு. தண்டவாளத்துக்குக் கீழே காலைத் தொங்கவிட்டுப் போவது இன்னொன்று. இவை எல்லாவற்றுக்கும் அண்ணன் ஒருவன் இருக்கிறான். முதுகுக்கு மேலே தண்டவாளம், முகத்துக்குக் கீழே பூமி, உடம்பு குப்புறப் படுத்த நிலை, தலை முதலில் போகும். ஃப்ளையிங் கோஸ்டர் என்பார்கள். போன வருஷம் ஒசாகாவில் அதில் ஏறி இறங்கினேன். வயசு ஐம்பதைத் தாண்டிவிட்டது. அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னபோது, "காசு குடுத்துத் தலைகீழா தொங்கிட்டு வந்தியா? நம்ம ஊர்ல சும்மாவே தொங்கலாமே, டிடிசி பஸ்ல" என்றாள்.

அம்மா கிண்டலுக்குத்தான் சொன்னாள். ஆனால் நான் எழுத நினைத்ததில் பாதி அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

நான் வளர்ந்தது தில்லி மோதி பாக் சர்க்கார் குவார்ட்டர்ஸில். அப்பாவுக்கு மத்திய அரசு வேலை, எனக்கு டி.டி.இ.ஏ. தமிழ்ப் பள்ளிக்கூடம், விசேஷ நாள் என்றால் ஆர்.கே.புரம் மலை மந்திர். கோடை விடுமுறையில் ஊருக்குப் போக ரயில் டிக்கெட் கிடைக்காத வருஷங்களில் எங்களுக்கு இருந்த ஒரே ஆறுதல் அப்பு கர். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமாக இருந்த யானைக்குட்டி அப்புவின் பெயரில் பிரகதி மைதானத்தில் கட்டிய கேளிக்கைப் பூங்கா அது. 1984 நவம்பர் 19-ஆம் தேதி, இந்திரா காந்தியின் பிறந்தநாளன்று திறந்தார்கள். அவர் சுட்டுக் கொல்லப்பட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. தில்லி யாருக்கும் விளையாடுகிற மனநிலை இல்லாத நேரம். அடுத்த வருஷ லீவில்தான் எங்களை அழைத்துப் போனார் அப்பா. முத்ரிகா பஸ்ஸில் ஏறி ரிங் ரோடில் எய்ம்ஸ், சவுத் எக்ஸ், ஆசிரம் என்று அரை வட்டம் அடித்துப் போய்ச் சேர்ந்தோம்.

கப்பல் வடிவத்தில் பெரிய ஊஞ்சல் ஒன்று இருந்தது. வரிசையாக உட்காரவைத்து, எல்லார் மடிக்கும் பொதுவாக ஒரு கம்பியை இறக்கிவிட்டு, இயக்குகிறவர் சொன்னது ஒரே வாக்கியம்: "பகட் கே பைட்னா." கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார். ராட்டினத்திலும் அதையேதான் சொன்னார்கள். சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சி ராட்டினத்தில் ஏறியபோது அதே வாக்கியம் தமிழில் வந்தது. "கெட்டியா பிடிச்சுக்கோ பாப்பா." நாங்கள் வளர்ந்த காலத்தின் பாதுகாப்பு விதி மொத்தமும் அவ்வளவுதான். பஸ் படிக்கட்டு, ஸ்கூட்டரின் பின்சீட்டு, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், எல்லாவற்றுக்கும் அதே விதி. பிடித்துக்கொள்வது உன் பொறுப்பு. விழுந்தால், சரியாகப் பிடிக்காதது உன் தப்பு.

அப்பு கர் 2008 பிப்ரவரியில் மூடப்பட்டது. அந்த நிலத்தில் இப்போது நிற்பது உச்ச நீதிமன்றத்தின் கூடுதல் கட்டடம், 2019-இல் திறந்தது. பக்கத்து மெட்ரோ நிலையத்துக்கும் பிரகதி மைதான் என்ற பெயர் போய் சுப்ரீம் கோர்ட் என்று வந்துவிட்டது. இன்றைய தில்லிப் பிள்ளைகளுக்கு ரோஹிணியில் ஒரு பூங்கா, நொய்டாவில் ஒரு பூங்கா. இரண்டிலும் கத்த வைக்கிற வண்டிகள் உண்டு. குப்புறப் படுக்க வைத்துப் பறக்கவிடும் வண்டியை நம் நாட்டில் நான் போன எந்தப் பூங்காவிலும் பார்த்ததில்லை.

ஒசாகாவுக்குப் போனது எக்ஸ்போ உலகக் கண்காட்சியைப் பார்க்க. அக்கா மகள் கோபேயில் வேலை பார்க்கிறாள். தங்க இடம் உண்டு, வழிகாட்ட ஆளும் உண்டு. எக்ஸ்போ முடிந்த கையோடு, "சித்தி, யுனிவர்சல் ஸ்டூடியோ போலாம். அங்க ஒண்ணு இருக்கு, நீங்க வந்தாத்தான் நானும் ஏறுவேன்" என்றாள். துணைக்கு ஆள் தேடுகிறாள் என்று நினைத்தேன். கிளம்பும்போதுதான் புரிந்தது, அவளுக்கு வேண்டியது துணை இல்லை, ஏறாமல் தப்பிக்க ஒரு சாக்கு. சித்தி எப்படியும் மாட்டேன் என்பாள் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். நான் சரி என்றதும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

வண்டியின் பெயர் தி ஃப்ளையிங் டைனோசர். ஜுராசிக் பார்க் பகுதியில், நடைபாதைக்கு மேலேயே முறுக்கிக்கொண்டு போகிறது தண்டவாளம். கீழே பாப்கார்ன் வாளியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கிறவர்களின் தலைக்கு மேலே, திடீரென்று முப்பத்திரண்டு பேர் வயிற்றைக் காட்டிக்கொண்டு அலறிப் போகிறார்கள். 2016 மார்ச் 18-இல் திறந்தபோது உலகத்திலேயே நீளமான ஃப்ளையிங் கோஸ்டர் இதுதான். 1,124 மீட்டர் நீளம், உச்சியிலிருந்து அடிவரை 37.8 மீட்டர் இறக்கம். பின்னால் ஜெர்மனியில் ஃபான்டாசியாலாந்து என்ற பூங்காவில் 1,236 மீட்டரில் ஒன்று வந்து நீளத்தில் முந்திக்கொண்டது. 37.8 மீட்டர் என்றால் எவ்வளவு என்று தில்லிக்காரர்களுக்குச் சொல்வது சுலபம். குதுப் மினார் 73 மீட்டர். அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

வரிசை நீளம். நின்ற நேரத்தில் மனசுக்குள் பள்ளிக்கூடத்து பிசிக்ஸ் கணக்கு ஒன்று போட்டேன். இந்த வண்டியில் இன்ஜின் கிடையாது. உச்சிவரை இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் எல்லாம் புவியீர்ப்பு. 37.8 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருளை விட்டால், உராய்வைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், அடியில் வந்து சேரும்போது வேகம் மணிக்கு 98 கிலோமீட்டர். இந்த வண்டிக்குச் சொல்கிற வேகம் ஏறத்தாழ 100. கணக்கு ஒத்துப்போனது. அக்கா மகளிடம் சொன்னேன். "சித்தி, இப்ப இது ரொம்ப அவசியமா?" என்றாள்.

இந்தக் குப்புறப் படுக்கும் யோசனைக்கு வயசு அதிகமில்லை. 1997-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஸ்கைட்ராக் என்று ஒன்று வந்தது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு ஆள். அடுத்த வருஷமே மூடிவிட்டார்கள். ஒரு ஆளாக அனுப்பினால் வரிசை எப்போது நகரும்? 2000-இல் நெதர்லாந்தின் வெகோமா நிறுவனம் கலிஃபோர்னியாவில் ஸ்டெல்த் என்று பெரிய வண்டியாகவே கட்டியது. அதில் முதலில் மல்லாக்கப் படுக்க வேண்டும். உச்சிக்குப் போனபின் தண்டவாளமே முறுக்கி ஆளைக் குப்புறத் திருப்பிவிடும். இந்தச் சிக்கலை அழகாகத் தீர்த்தவர்கள் சுவிட்சர்லாந்தின் பாலிகர் அண்ட் மாபியார்ட் கம்பெனிக்காரர்கள். கோஸ்டர் பைத்தியங்கள் சுருக்கமாக பி அண்ட் எம் என்பார்கள். 2002-இல் இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் ஏர் என்ற பெயரில் அவர்களுடைய முதல் ஃப்ளையிங் கோஸ்டர் வந்தது. அதில் நிலையத்தில் சாதாரணமாக உட்காரலாம். பூட்டு விழுந்தபின் இருக்கையே பின்பக்கமாக மேலே எழும்பி ஆளைப் படுக்க வைத்துவிடும். ஒசாகாவில் இருப்பதும் அவர்கள் கைவண்ணம்தான்.

லாக்கரில் பை, போன், கண்ணாடி, சாவி, காதில் கிடந்த தோடுவரை வைத்துப் பூட்டினோம். மேலே போனதும் மெட்டல் டிடெக்டர் வேறு. பாக்கெட்டில் ஒரு நாணயம்கூட இருக்கக் கூடாது. 100 கிலோமீட்டர் வேகத்தில் நழுவும் நாணயம் கீழே நடக்கிறவன் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வண்டி வந்தது. எட்டு வரிசை, வரிசைக்கு நாலு பேர். உட்கார்ந்ததும் தோளுக்கு மேலிருந்து கனமான ரப்பர் உறை போட்ட கவசம் ஒன்று இறங்கி மார்பையும் வயிற்றையும் மூடியது. நான் இழுத்தது கொஞ்சம்; மீதியை ஊழியர் பெண் அழுத்தினாள். டக், டக், டக் என்று மூன்று பல் தாண்டி இறங்கியது. கணுக்காலுக்குப் பின்னால் இரண்டு மடல்கள் வந்து மூடிக்கொண்டன. அவள் குனிந்து என் காலைப் பார்த்தாள். பிறகு செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. கவசத்தை மேலே தூக்கி ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை. ஆள்காட்டி விரலை நீட்டிப் பூட்டைச் சுட்டினாள், வாய்விட்டு ஏதோ சொன்னாள், அடுத்த ஆளிடம் போனாள். அங்கேயும் அதே இழுப்பு, அதே விரல், அதே குரல். ஜப்பான் ரயில்வேயில் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கும் பழக்கம் இது. சிக்னலைப் பார்த்தால் மட்டும் போதாது, விரலால் சுட்டிக்காட்டி வாயால் சொல்லவும் வேண்டும். கண், கை, வாய், காது நாலும் ஒரே வேலையில் இருந்தால் கவனம் பிசகாது என்பது அவர்கள் கணக்கு.

அவள் என்னிடம் "கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லவே இல்லை. சொன்னாலும் அர்த்தமில்லை. பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? கவசத்தில் கையை வைத்துக்கொள்ள இரண்டு சின்னப் பிடிகள் உண்டு, அவை நம் மன ஆறுதலுக்கு. சாதாரண கோஸ்டரில் காலை ஊன்றலாம், முதுகைச் சாய்க்கலாம், கம்பியை இறுக்கலாம். ஏதோ நாமும் நம்மைக் காப்பாற்றிக்கொள்வதாக ஒரு எண்ணம் இருக்கும். இதில் அந்த எண்ணத்துக்கே இடமில்லை.

பிறகு இருக்கைகள் எழும்பின. கால் பின்னால் போய், முகம் தரையைப் பார்த்து, உடம்பின் எடை மொத்தமும் மார்பில் இருக்கும் கவசத்துக்கு மாறியது. அந்தக் கணம்தான் பயணத்தின் உண்மையான ஆரம்பம். கொடியில் போட்ட ஈரத்துணியின் நிலைமை. மூச்சு விட முடிகிறது, ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் கவசத்தோடு ஒரு பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருக்கிறது. பக்கத்தில் அக்கா மகள், "சித்தி, இருக்கீங்களா?" என்றாள். எங்கே போக?

கதைப்படி ஒரு ப்டெரனோடன், அதாவது டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வன, நம் முதுகைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகிறதாம். ஏற்றத்தில் எனக்கு அந்தக் கதை மறந்துபோய்விட்டது. எதிரே வானம் தெரியும் சாதாரண கோஸ்டரில் உயரம் கண்ணுக்குத் தெரியாமல் கூடும். இங்கே கண்ணுக்குத் தெரிவது கீழே போய்க்கொண்டிருக்கும் நடைபாதை மட்டும்தான். முதலில் ஆட்களின் முகம் தெரிந்தது. பிறகு தொப்பி. பிறகு தொப்பியின் நிறம். கண்ணாடி இல்லாததால் அதுவும் போய், பொட்டுப் பொட்டாக ஏதோ நகர்ந்தது.

உச்சியில் ஒரு நொடி சத்தம் நின்றது. பிறகு தலைகுப்புற இறக்கம். விழுகிற உணர்ச்சி வயிற்றில் வரும் என்று எல்லாரும் சொல்வார்கள். படுத்த நிலையில் அது முகத்தில் வருகிறது. காற்று கன்னத்தைக் காதுப் பக்கம் தள்ளுகிறது. கத்த வாயைத் திறந்தால் உள்ளே காற்றுதான் போகிறது, வெளியே குரல் வருவதில்லை. அடுத்து, உடம்பின் நீளவாக்கில் ஒரு முழுச் சுழற்சி. பூமி, பக்கவாட்டில் மரம், வானம், மறுபக்கம் மரம், மறுபடி பூமி. பாயில் படுத்துக்கொண்டு சின்ன வயசில் உருண்டிருக்கிறோமே, அந்தக் குஷி அப்படியே திரும்பி வந்தது. இந்தச் சுழற்சியில் மட்டும் நான் சிரித்தேன் என்று அக்கா மகள் சத்தியம் செய்கிறாள்.

பிரெட்செல் லூப் என்று ஒன்று இருக்கிறது. ஃப்ளையிங் கோஸ்டரில் மட்டுமே சாத்தியமான வளையம். உச்சியிலிருந்து தலை முதலில் செங்குத்தாகப் பாய்ந்து, வளையத்தின் அடிப்பகுதியில் மல்லாந்த நிலைக்கு வந்து, மறுபடி எழும்பிக் குப்புறத் திரும்புவோம். அந்த அடிப்பகுதியில்தான் வேகம் அதிகம், அழுத்தமும் அதிகம். நெஞ்சிலிருந்து முதுகை நோக்கி யாரோ ஏறி உட்கார்ந்து அமுக்குகிறார்கள். கையைத் தூக்க முயன்றேன், வரவில்லை.

ஆனால் மயக்கம் வரவில்லை, அதற்குக் காரணம் உண்டு. இதே அழுத்தம் தலையிலிருந்து காலை நோக்கி வந்தால் ரத்தம் மூளையை விட்டு இறங்கிவிடும், கண் இருட்டும். நெஞ்சிலிருந்து முதுகுக்கு வந்தால் ரத்தம் அந்த அளவுக்கு ஓடிப்போவதில்லை, உடம்பு தாங்கும். ராக்கெட் புறப்படும்போது விண்வெளி வீரர்கள் மல்லாக்கச் சாய்ந்திருப்பதும் இதற்காகத்தான். கொடூரமாகத் தெரியும் அந்த வளையத்தை வரைந்தவன் ஆளை மல்லாக்கப் போட்டது வேடிக்கைக்காக அல்ல என்பது இறங்கியபின் படித்துத் தெரிந்துகொண்டது.

இன்னொரு விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எல்லாம் முடிந்து பிரேக் பிடித்தபின், முன்னால் போன வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்பும்வரை நாம் அப்படியே குப்புறத் தொங்கியபடி காத்திருக்க வேண்டும். வேகம் இருக்கும்போது தெரியாத கவசம் அப்போதுதான் விலா எலும்பில் பேசுகிறது. எனக்கு நேரம் போகவே இல்லை.

அந்தச் சின்னக் காத்திருப்பே அப்படியென்றால், 2018 மே 1-ஆம் தேதி இதே வண்டியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஏதோ கோளாறு என்று பாதுகாப்பு அமைப்பு கண்டுபிடித்து, இரண்டு வண்டிகளையும் நடுவழியில் நிறுத்திவிட்டது. 64 பேர். அதில் பலர் குப்புறத் தொங்கிய நிலையில். படிக்கட்டு வழியாக எல்லாரையும் இறக்கி முடிக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. உலகம் முழுக்க அந்தப் படம் சுற்றியது. எல்லாரும் "ஐயோ" என்றார்கள். எனக்கு அதைப் படித்தபோது தைரியம்தான் வந்தது. சந்தேகம் வந்ததும் மெஷின் நின்றது, யாருக்கும் அடி இல்லை. பயப்பட வேண்டியது நிற்காத மெஷினுக்கு.

அதைவிடப் பயப்பட வேண்டியது, நின்ற மெஷினை ஓடச் சொல்கிற மனிதனுக்கு. 2002-இல் முதல் பி அண்ட் எம் பறவை வந்ததே ஆல்டன் டவர்ஸ், அதே பூங்காவில் தி ஸ்மைலர் என்ற வேறொரு கோஸ்டர். 2015 ஜூன் 2-ஆம் தேதி, முன்னால் ஒரு காலி வண்டி தண்டவாளத்தில் சிக்கி நிற்க, பின்னால் ஆட்களோடு வந்த வண்டியைக் கம்ப்யூட்டர் சரியாக நிறுத்திவிட்டது. ஊழியர்கள் அதைத் தவறான எச்சரிக்கை என்று நினைத்தார்கள். கம்ப்யூட்டரை மீறி வண்டியை அனுப்பினார்கள். மோதியதில் இரண்டு இளம்பெண்களுக்கு ஆளுக்கொரு கால் போனது. நீதிமன்றம் நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. விழுந்த அபராதம் நடத்துகிறவர்கள் மேல். ஏறியவர்கள் சரியாகப் பிடித்தார்களா என்ற கேள்வியே எழவில்லை.

மோதி பாக்கில் எங்கள் வீட்டுப் பக்கம், சாணக்கியபுரியில் ரயில் மியூசியம் இருக்கிறது. திரும்பி வந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ப் பழைய நீராவி இன்ஜின் சக்கரங்களை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரயில் சக்கரம் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். உள்பக்கம் ஒரு விளிம்பு உண்டு. மற்றபடி அதைத் தண்டவாளத்தில் வைத்திருப்பது அதன் எடை. கோஸ்டருக்கு அது போதாது. அதன் சக்கரம் மூன்று தொகுதி: எடையைத் தாங்க ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, எதிர்ப்பக்கத்திலிருந்து தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ள ஒன்று. இந்தக் கவ்வும் சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919-இல் காப்புரிமை வாங்கினார். அது இல்லையென்றால் நான் போன வளையமும் இல்லை, முறுக்கலும் இல்லை, நான் குப்புறத் தொங்கியதும் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்பே அவருக்குப் புரிந்திருந்தது: வண்டி தண்டவாளத்தைப் பிடித்திருக்க வேண்டும், வண்டி ஆளைப் பிடித்திருக்க வேண்டும். ஆள் எதையும் பிடிக்கத் தேவையில்லை.

நம் ஊருக்கு வருகிறேன். 2025 ஏப்ரல் தொடக்கத்தில், தென்மேற்கு தில்லி கபஷேராவில் ஒரு பூங்காவில், ரோலர் கோஸ்டரிலிருந்து கீழே விழுந்து 24 வயதுப் பெண் இறந்துபோனார். கல்யாணம் நிச்சயமாகி, வருங்காலக் கணவரோடு வந்திருந்த பெண். மோதி பாக்கிலிருந்து விமான நிலையம் தாண்டி குர்காவ் எல்லைக்குப் போகிற வழிதான் கபஷேரா. எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் அன்றைக்கு வந்த செய்திகளில் நான் கவனித்தது ஒன்று. பூங்காவைத் திட்டியவர்களுக்கு நடுவில், "இந்தக் காலத்துப் பிள்ளைங்க சொன்னா கேக்கறதில்லை", "கெட்டியா பிடிச்சிருக்கணும்" என்று எழுதியவர்களும் இருந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். நான் வளர்ந்த அதே விதியில் வளர்ந்தவர்கள். 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியாவில் ஊசல் போல ஆடும் ராட்டினமே ஒடிந்து ஆட்களோடு தரையில் விழுந்தது, உயிர்கள் போயின. அங்கே யார் எதைப் பிடித்திருந்தால் என்ன?

விதி இல்லாமல் இல்லை. கேளிக்கைப் பூங்கா ராட்டினங்களின் பாதுகாப்புக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 15475 என்ற தரக் குறியீட்டையே வைத்திருக்கிறது. நல்ல வண்டிகளும் நம்மிடம் இல்லாமல் இல்லை. மும்பை-புணே சாலையில் கோபோலி பக்கம் இமேஜிகா பூங்காவில் 2013-லிருந்து ஓடும் நைட்ரோ, பி அண்ட் எம் செய்ததுதான். 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் திறந்த வொண்டர்லாவில் தஞ்சோரா என்ற வண்டி இருக்கிறது. தண்டவாளத்துக்குக் கீழே காலைத் தொங்கவிட்டுப் போகும் வகை. பி அண்ட் எம் கம்பெனியின் அந்த வகை இந்தியாவுக்கு வருவது இதுவே முதல் தடவை. குப்புறப் படுப்பதற்கு முந்தைய படி என்று வைத்துக்கொள்ளலாம். ஒசாகா போக முடியாதவர்கள் ஓ.எம்.ஆர். வழியாகப் போய்வரலாம். அடுத்த முறை சென்னை வரும்போது எனக்கும் அங்கே வேலை இருக்கிறது.

ஒசாகா போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். 132 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ஏற்றமாட்டார்கள், 198-க்கு மேல் போனாலும் ஏற்றமாட்டார்கள். ரத்த அழுத்தம், இருதயம், கழுத்து, முதுகுத் தொந்தரவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேடிக்கை பார்த்தால் போதும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், பட்டினியாகவும் போகாதீர்கள். லேஸ் கட்டிய ஷூ நல்லது. கூந்தலை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். துப்பட்டா, புடவைத் தலைப்பு எல்லாம் கீழேயே. இடம் கேட்கலாம் என்றால் முதல் வரிசை கேளுங்கள். பூமிக்கும் உங்களுக்கும் நடுவில் எதுவும் இருக்காது.

தில்லியிலோ சென்னையிலோ ஊர்த் திருவிழாவிலோ எந்த ராட்டினத்தில் ஏறினாலும், பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன்னால் ஒரு ஐந்து நிமிஷம் ஓரமாக நின்று பாருங்கள். இயக்குகிறவர் ஒவ்வொரு பூட்டையும் கையால் இழுத்துப் பார்க்கிறாரா, இல்லை தூரத்தில் நின்று விசில் ஊதுகிறாரா? பட்டை தளர்ந்த இருக்கையைக் காலியாக விடுகிறாரா, இல்லை கயிறு கட்டிச் சமாளிக்கிறாரா? வெட்கப்படாமல் கேளுங்கள்: "பையா, காலையில காலி வண்டியை ஓட்டிப் பார்த்தீங்களா? யார் கையெழுத்துப் போட்டாங்க?" பதில் வந்தால் ஏறுங்கள், வயிறு குலுங்கக் கத்துங்கள், கை இரண்டையும் தூக்கிக்கொள்ளுங்கள். பதிலாக "கெட்டியா பிடிச்சுக்குங்க மேடம்" என்று வந்தால், டிக்கெட் காசு போனால் போகட்டும் என்று இறங்கி வந்துவிடுங்கள்.